ஒரு கடைத் தளத்தின் பத்து வரிகள்: மூலமும் உரையும்

கீழே உள்ள பத்து வரிகளும் ஒரே தளத்தில் எடுத்தவை அல்ல. சிறு வணிகர்களின் இணையதளங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரிகளைக் கோத்து, ஒரு பட்டுப்புடவைக் கடையின் தளம் என்று பாவித்து நானே அமைத்த மூலம் இது. கோப்பில் இவற்றில் பெரும்பாலானவை ரோமன் எழுத்தில் இருக்கும். இங்கே ஒலிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன். முதல் நான்கும், தேடுபொறி நிரல்கள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு. அடுத்த நான்கும் ஒரு கட்டுரைப் பக்கத்தின் தலைப்பகுதி. ஒன்பதாவது அந்தப் பக்கத்தின் முகவரி. பத்தாவது எல்லாப் பக்கங்களின் அடியிலும் இருப்பது.

மூலம்

1. யூசர்-ஏஜென்ட்: *
2. டிஸ்அலவ்: /டபிள்யூபி-கன்டென்ட்/
3. டிஸ்அலவ்: /பழையது/
4. கிரால்-டிலே: 10
5. டைட்டில்: முகப்பு
6. மெட்டா கீவேர்ட்ஸ்: பட்டுச்சேலை, பட்டு சேலை, பட்டுப்புடவை, பட்டு புடவை, சில்க் சாரி, கல்யாணப் பட்டு, சிறந்த பட்டு, நம்பர் ஒன் பட்டு
7. மெட்டா ரோபோட்ஸ்: நோஇண்டெக்ஸ், நோஃபாலோ
8. கனானிக்கல்: தளத்தின் முகப்பு முகவரி
9. /கல்யாணத்துக்குப்-பட்டுப/
10. எங்கள் நண்பர் தளங்கள் (நாற்பது இணைப்புகள்)

பாயிரம்

தேடுபொறிக்கென்று நாம் எழுதும் வரிகள் மூன்று வகை. சில, கட்டளை, எழுதியபடியே நடக்கும். சில, விண்ணப்பம், பரிசீலிக்கப்படும். சில, காற்றோடு போகும் பேச்சு. தளம் வைத்திருப்பவர்கள் பணத்தையும் கவலையையும் செலவிடுவது பெரும்பாலும் மூன்றாம் வகையில். முதல் வகையை அவர்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். எஸ்இஓ (தேடுபொறிக்கேற்பத் தளத்தைச் சீர்செய்தல்) தவறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த இடமாறாட்டம்தான். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் அது எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொண்டு உரை செய்வோம்.

யூசர்-ஏஜென்ட்: *

இது யாரை விளித்தது என்று சொல்லும் வரி. நட்சத்திரக் குறி 'எல்லோரும்' என்று பொருள்படும். வலைப்பக்கங்களைத் தானாகவே படித்துக்கொண்டு போகும் நிரல்களை எப்படி மட்டுப்படுத்துவது என்று 1994இல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு இது. வலையில் தளங்களே குறைவாக இருந்த காலம். அவற்றின் சர்வர்களை இந்த நிரல்கள் மூச்சுத்திணற வைத்தன. கால் நூற்றாண்டுக்கு மேல் வெறும் வழக்கமாகவே இருந்து, 2022 செப்டம்பரில்தான் ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணோடு முறையான தரநிலை ஆனது.

'எல்லோரும்' என்றாலும் எல்லோரும் இதைக் கேட்பதில்லை. அதே கோப்பில் கூகுள் தேடலின் நிரலான 'கூகுள்பாட்'டைப் பெயர் சொல்லித் தனிப் பத்தி ஒன்று இருந்தால், கூகுள்பாட் அந்தப் பத்தியை மட்டுமே படிக்கும். நட்சத்திரத்தின் கீழ் உள்ளவை அதற்குப் பொருந்தா. பொதுவில் இருபது தடைகளை எழுதிவிட்டு, கூகுளுக்கென்று ஒரே ஒரு வரி சேர்த்தவர்கள், மற்ற இருபதையும் அது அறியாது என்பதை அறியார். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தளத்தை அள்ளிக்கொண்டு போகின்றன என்ற பதற்றம் வந்த பிறகு இந்த வகைத் தவறு கூடியிருக்கிறது. எங்கிருந்தோ நகலெடுத்த தடைப் பட்டியலை ஒட்டும்போது 'கூகுள்-எக்ஸ்டெண்டட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கூகுள்பாட்' வந்து உட்கார்ந்துவிடுகிறது. முன்னது கூகுளின் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி தொடர்பானது. தடுத்தாலும் தேடலில் உங்கள் இடம் மாறாது. பின்னதைத் தடுத்தால் கூகுளுக்கு உங்கள் பக்கங்களைப் படிக்க வழியே இல்லை.

இந்தக் கோப்பு டொமைனுக்கு நேர் கீழே இருந்தால்தான் செல்லும். உள்அடைவில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கோப்பே இல்லாவிட்டால் பெரிய கெடுதல் இல்லை, தடையே இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் சர்வர் கோளாறால் அந்தக் கோப்பைக் கேட்கும்போது 500 வகைப் பிழை வந்தால், முழுத் தளமும் தடுக்கப்பட்டது என்று கொள்ள வேண்டும் என்பது விதி. மலிவான ஹோஸ்டிங்கில் இது நடக்கும்.

டிஸ்அலவ்: /டபிள்யூபி-கன்டென்ட்/

கட்டளை வகை. வேர்ட்பிரஸ் தளங்களில் இந்த அடைவுக்குள்தான் தீம்களும் பிளகின்களும் இருக்கின்றன, நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு புகைப்படமும் இருக்கிறது. ஒரு காலத்தில் 'தேவையற்ற கோப்புகளைத் தேடுபொறி படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்' என்ற நல்லெண்ணத்தில் இந்த வரியைப் பரிந்துரைத்தார்கள். அப்போது கூகுள் பக்கத்தின் எழுத்தை மட்டும் படித்தது. பிறகு உலாவி காட்டுவதுபோலப் பக்கத்தை முழுதாக வரைந்து பார்க்கத் தொடங்கியது. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தடுக்காதீர்கள் என்று 2014 அக்டோபரில் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. வரி மட்டும் பழைய தளங்களில் அப்படியே தங்கிவிட்டது.

புடவைக் கடைக்கு இதனால் வரும் நட்டம் தனியாகச் சொல்லத்தக்கது. புடவை வாங்க நினைப்பவர் படங்களைத் தேடுகிறார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை, மயில் கழுத்து நிறம், கட்டம் போட்ட உடல் என்று அவர் தேடுவது கண்ணுக்கானது. படங்கள் இருக்கும் அடைவையே பூட்டிவிட்டால் படத் தேடலில் கடை இல்லை. பூட்டியது யார் என்று உரிமையாளரைக் கேட்டால், 'அந்த மாதிரி ஃபைல் இருக்கிறதே எனக்குத் தெரியாது சார்' என்பார். உண்மையாகவே தெரியாது.

இங்கே ஒரு பாடபேதம் குறிக்க வேண்டும். 'டிஸ்அலவ்:' என்று எழுதி எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டால், தடை எதுவும் இல்லை, எல்லாம் திறந்தது என்று பொருள். அதன் எதிரே ஒரே ஒரு சாய்கோடு இட்டால், தளம் முழுவதும் மூடியது என்று பொருள். ஏடு எழுதுவோர் பிழையால் பாடம் கெட்டதைப் பற்றி உரையாசிரியர்கள் நிறையப் புலம்பியிருக்கிறார்கள். ஒற்றைக் கோட்டால் பொருள் நேர் எதிராகும் மூலம் அவர்கள் கையில் கிடைத்திருக்காது.

டிஸ்அலவ்: /பழையது/

இது எழுதியவர் நினைத்ததும் கேட்பவர் எடுத்துக்கொள்வதும் வேறு வேறாக இருக்கும் வரி. 'பழைய பக்கங்கள் கூகுளில் வரக்கூடாது' என்பது எழுதியவர் எண்ணம். வரி சொல்வதோ 'பழைய பக்கங்களைப் படிக்காதே' என்பது. வேறு தளங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்பு இருந்தால், கூகுள் உள்ளே போகாமலே முகவரியை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளக்கூடும். விவரம் எதுவும் இல்லை என்ற குறிப்போடு முடிவுகளில் அது நிற்கும்.

அதைக் கண்டு பதறி, அந்தப் பக்கங்களில் 'நோஇண்டெக்ஸ்' என்ற குறியையும் சேர்ப்பார்கள். இப்போது சிக்கல் முற்றுகிறது. நோஇண்டெக்ஸ் என்பது பக்கத்துக்குள் இருக்கிறது. பக்கத்துக்குள் போகாதே என்று ரோபோட்ஸ் கோப்பு சொல்லிவிட்டது. தெருக்கதவைப் பூட்டிவிட்டு, 'இங்கே யாரும் வர வேண்டாம்' என்று எழுதிய அட்டையைப் பூஜையறையில் மாட்டியது போலத்தான். பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமென்றால் முதலில் தடையை எடுக்க வேண்டும், கூகுள் வந்து நோஇண்டெக்ஸைப் படிக்க வேண்டும், நீக்கிய பின் வேண்டுமானால் தடையைப் போடலாம். ரோபோட்ஸ் கோப்பிலேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதும் பழக்கமும் உண்டு. அதைச் சில காலம் அதிகாரபூர்வமில்லாமல் மதித்த கூகுள், 2019 செப்டம்பர் 1 முதல் மதிப்பதில்லை.

இன்னொன்று. இந்தக் கோப்பை உலகில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ரகசியமான அடைவுகளின் பெயரை இதில் எழுதி 'போகாதே' என்பது, ரகசியம் இருக்கும் இடத்துக்குப் பட்டியல் போடுவது. மறைக்க வேண்டியதற்குக் கடவுச்சொல்தான் வழி.

கிரால்-டிலே: 10

'ஒரு பக்கம் படித்ததும் பத்து விநாடி பொறு' என்பது. பிங் கேட்கும். கூகுள் இந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை. நம் கடைத் தளத்துக்கு மொத்தம் அறுபது பக்கம். இது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மேலே செல்வோம்.

டைட்டில்: முகப்பு

விண்ணப்ப வகை, ஆனால் எல்லா விண்ணப்பங்களிலும் வலுவானது. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் வரும் வரி இது. உலாவியின் மேல்பட்டியில் ஒரு துண்டாகத் தெரிவதால் உரிமையாளர் கண்ணில் படுவதே இல்லை. தீம் தானாக வைத்த 'முகப்பு' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார். புடவைத் தேர்வு பற்றிய கட்டுரைக்கும் முகப்பு, தொடர்புப் பக்கத்துக்கும் முகப்பு.

2021 ஆகஸ்டில் கூகுள் தலைப்புகளை அமைக்கும் முறையை மாற்றியது. தளம் தரும் தலைப்பு உதவாது என்று தோன்றினால் பக்கத்தின் பெரிய தலைப்பெழுத்துகளிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ எடுத்துத் தானே ஒன்றைக் காட்டும். எதிர்ப்புகள் வந்தன; அடுத்த மாதம் சில திருத்தங்கள் செய்து, சுமார் 87 விழுக்காடு முடிவுகளில் தளம் தந்த தலைப்பையே பயன்படுத்துவதாகச் சொன்னது. ஆக, நீங்கள் எழுதுவதுதான் பெரும்பாலும் நிற்கும். 'முகப்பு' என்று எழுதியவருக்குக் கூகுள் கைகொடுக்கும் என்று நம்பியிருக்கலாகாது.

எதிர்த் திசையில் போகிறவர்களும் உண்டு. 'பட்டுப்புடவை | பட்டுச்சேலை | சில்க் சாரி | சிறந்த பட்டு | குறைந்த விலை பட்டு' என்று தலைப்பையே விலைப்பலகை ஆக்குவார்கள். இப்படிச் சொற்களை அடைத்த தலைப்புகளைத்தான் கூகுள் முதலில் மாற்றி எழுதுகிறது. கடைக்கு வந்தவரிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு வரி போதும்: என்ன பக்கம், எந்தக் கடை, எந்த ஊர். 'கல்யாணப் பட்டு எடுப்பது எப்படி' என்று தொடங்கிக் கடைப்பெயரில் முடிந்தால் போதும். தலைப்புக்கு இத்தனை எழுத்துதான் என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை. திரையில் இடம் இல்லாவிட்டால் வெட்டிக் காட்டும், அவ்வளவே. ஆகவே முக்கியமானதை முன்னால் வையுங்கள்.

மெட்டா கீவேர்ட்ஸ்

பத்து வரியில் மிக நீளமான வரி. பயனில் மிகக் குறைந்தது. தங்கள் தளங்களை விவரிக்க உரிமையாளர்களையே கேட்ட ஒரு காலம் இருந்தது. தொண்ணூறுகளின் தேடுபொறிகள் இந்தப் பட்டியலைப் படித்தன. யாரும் எதையும் எழுதலாம் என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் எழுதுவார்கள் என்பது விரைவில் தெரிந்தது. வலைத் தேடலில் வரிசைப்படுத்த இந்தக் குறியைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. அதற்குப் பிறகும் எஸ்இஓ செய்து தருகிறேன் என்று வருகிறவர்களின் கொட்டேஷனில் 'கீவேர்ட்ஸ்' என்று ஒரு வரியும் எதிரே ஒரு தொகையும் இருக்கக் காண்கிறேன். அந்த வரிக்கு நேரே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

அதற்காக இந்தப் பட்டியல் முற்றிலும் குப்பை என்று சொல்லமாட்டேன். இதை எழுதியவர் ஒரு நல்ல கேள்வியைத் தப்பான இடத்தில் எழுதியிருக்கிறார். வாங்குகிறவர்கள் புடவை என்றும் தேடுகிறார்கள், சேலை என்றும் தேடுகிறார்கள், ஒற்று விட்டும் தேடுகிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுகிறார்கள். இந்தச் சொற்கள் வாசகர் படிக்கும் பத்திக்குள் இயல்பாக வந்திருந்தால் பயன் உண்டு. வருவதில்லை. ஏனென்றால் பெரும்பாலான கடைத் தளங்களில் படிக்கப் பத்தியே கிடையாது. ஆடித் தள்ளுபடி நோட்டீஸைப் படமாக ஏற்றியிருப்பார்கள். விலை, ரகம், முகவரி, கடை நேரம் எல்லாம் படத்துக்குள். மனிதர் படிப்பார்; படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடுபொறியில் இடம் பிடிக்க முடியாது.

தமிழ்த் தளங்களுக்கு இந்த நோய் பழையது. யூனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பக்கங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தன; கோப்பில் இருந்ததோ பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதுவே தெரிந்தது. தேடுபொறிக்கும் அதுவே தெரிந்தது. அப்படிப் போட்ட பக்கங்கள் தமிழில் தேடுகிற எவருக்கும் இன்றும் அகப்படாமல் கிடக்கின்றன.

மெட்டா ரோபோட்ஸ்: நோஇண்டெக்ஸ், நோஃபாலோ

இந்த ஒரு வரி மற்ற ஒன்பதையும் பொருளற்றதாக்கிவிடும். 'இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே, இதிலுள்ள இணைப்புகளைப் பின்தொடராதே' என்பது பொருள். முதற்பாதி கட்டளையிலும் கட்டளை. கூகுள் தயங்காமல் கீழ்ப்படியும்.

உரிமையாளர் இதை எழுதவில்லை. இது இடைச்செருகல். தளம் கட்டிக்கொண்டிருக்கும்போது, பாதி முடிந்த பக்கங்கள் வெளியே தெரியக்கூடாது என்று வடிவமைப்பாளர் வேர்ட்பிரஸில் அமைப்புகள் பகுதிக்குள், 'ரீடிங்' என்ற பக்கத்தில், தேடுபொறிகளை ஊக்கப்படுத்தாதே என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பார். சரியான காரியம்தான். திறப்பு விழா நாளில் டிக்கை எடுக்க மறந்தார். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்புக்கு முன்பு அந்த டிக் ரோபோட்ஸ் கோப்பில் முழுத்தடையாக மாறும். அதற்குப் பின் ஒவ்வொரு பக்கத்திலும் நோஇண்டெக்ஸ் குறியாக மாறுகிறது. இரண்டாவது முறைதான் சொன்னதைச் செய்வது, மேலே மூன்றாம் வரி உரையில் சொன்ன காரணத்தால். மறந்துவிட்டால் இரண்டாவதுதான் தீர்க்கமாகக் கெடுக்கும்.

இதன் கொடுமை, தளத்தில் எந்தக் கோளாறும் தெரியாது என்பது. பக்கங்கள் திறக்கும், படங்கள் வரும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உறவினர்கள் பாராட்டுவார்கள். கூகுளில் மட்டும் வராது. ஆறு மாதம் கழித்து 'எஸ்இஓ பண்ணணும்' என்று இன்னொருவரை அமர்த்துவார்கள். அவர் கீவேர்ட்ஸ் எழுதித் தருவார். கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். தளத்தை அதில் பதிந்து, ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால் என்று அதுவே சொல்லும். வேறு எதற்கும் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கனானிக்கல்

ஒரே பொருள் பல முகவரிகளில் இருந்தால், எது மூல முகவரி என்று காட்டுவதற்காகக் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009 பிப்ரவரியில் கொண்டுவந்த குறி. விண்ணப்ப வகை. நம் மூலத்தில் தீம் எழுதியவர் எல்லாப் பக்கங்களுக்கும் முகப்பையே மூலம் என்று காட்டிவிட்டார். 'இந்தத் தளத்தில் இருப்பது ஒரே பக்கம், மற்றதெல்லாம் அதன் நகல்' என்பது இதன் பொழிப்பு. பக்கங்கள் தெளிவாக வேறுபட்டிருந்தால் கூகுள் இந்த விண்ணப்பத்தைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்யும். வடிவமைப்பாளரின் தவறிலிருந்து கூகுளின் பகுத்தறிவு காப்பாற்றும் அரிய இடங்களில் இது ஒன்று. ஆனாலும் திருத்திவிடுவது நல்லது.

/கல்யாணத்துக்குப்-பட்டுப/

வாசகர் இதை அச்சுப் பிழை என்று எண்ணக்கூடும். அல்ல. கட்டுரையின் தலைப்பு 'கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை தேர்ந்தெடுப்பது எப்படி'. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாக முகவரி செய்துகொள்ளும். முகவரிக்கு அது ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்து. ஆனால் முகவரியில் தமிழ் நேராகப் போவதில்லை; யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து, ஆக ஒரு குறிக்கு ஒன்பது. அதிலும் 'கு' என்பது க ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளிக்கும் தனிக் கணக்கு. 22 குறிகளில் இடம் தீர்ந்துவிடுகிறது. 'கல்யாணத்துக்குப்' என்ற முதல் சொல்லே 16 குறிகள், 144 எழுத்து. 'பட்டுப்' என்பதில் கடைசிப் புள்ளிக்கு இடமில்லாமல் வெட்டுப்படுகிறது.

அடுத்த வாரம் 'கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கும் முன்' என்று எழுதினால் வெட்டிய பின் இரண்டும் ஒன்றாகிவிடும். வேர்ட்பிரஸ் வாலில் ஒரு 2 ஒட்டி வேறுபடுத்தும். இதனால் தரவரிசை சரிந்துவிடும் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். முகவரியில் உள்ள சொல்லுக்குத் தேடலில் பெரிய எடை இல்லை. வாசகர்களின் மொழியிலேயே முகவரி வைக்கலாம் என்பதுதான் கூகுளின் பரிந்துரையும். தொல்லை வேறு இடத்தில்: நகலெடுத்து அனுப்பும்போது பல செயலிகளில் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட சங்கிலியாக அது போய்ச் சேரும், பார்ப்பவர் மோசடி இணைப்போ என்று தொட அஞ்சுவார். பதிப்பிக்கும் முன் முகவரிக் கட்டத்தில் 'கல்யாணப்-பட்டு' என்று குறுக்கிவிட்டால் முடிந்தது. பதிப்பித்துப் பல நாள் ஆனவற்றை அழகுக்காக மாற்றப் போகாதீர்கள்.

எங்கள் நண்பர் தளங்கள்

ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்புத் தருகிறார்கள் என்பதை மதிப்பின் அறிகுறியாகக் கொண்டு எழுந்தது கூகுள். அறிகுறி என்று தெரிந்ததும் அது விற்பனைக்கு வந்துவிட்டது. 'நீ எனக்கு, நான் உனக்கு' என்று பிளம்பர் தளமும் பல் மருத்துவர் தளமும் புடவைக் கடையும் ஒருவருக்கொருவர் அடியில் இணைப்பது அதில் மிக ஏழ்மையான வடிவம். பெரிய வடிவத்துக்கு, 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்த ஜேசி பென்னி விவகாரம் உண்டு: சம்பந்தமே இல்லாத எண்ணற்ற தளங்களில் அந்த அமெரிக்கப் பல்பொருள் அங்காடித் தொடருக்கு இணைப்புகள் நடப்பட்டிருந்தன, கூகுள் அதைப் பல தேடல்களில் கீழே தள்ளியது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம், எஸ்இஓ ஏஜென்சியை நீக்கியது. 2012 ஜனவரியில் குரோம் உலாவிக்காகக் காசு கொடுத்து எழுதிய பதிவுகள் தெரியவந்தபோது, கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே தரமிறக்க நேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் தேடலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்து இந்த வியாபாரத்தின் இடுப்பை ஒடித்தது.

நம் கடையின் நாற்பது இணைப்புகள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்கப்படாமல் போகும். ஆபத்து, அடுத்த படிக்குப் போய், 'ஐந்நூறு பேக்லிங்க், இத்தனை ரூபாய்' என்ற பொட்டலத்தை வாங்குவதில் இருக்கிறது.

மூலத்தில் இல்லாத வரி

இருக்க வேண்டி, விடுபட்டது ஒன்று உண்டு. கடை பத்தாம் ஆண்டில் தளத்தைப் புதுப்பித்தது. புது வடிவமைப்பாளர் முகவரிகளை எல்லாம் புதிதாக வைத்தார். பழைய முகவரிகளுக்கு வந்தவர்கள் 404 என்ற 'பக்கம் இல்லை' பிழையைக் கண்டு திரும்பினார்கள். யாரோ சொன்னதன் பேரில் எல்லாப் பழைய முகவரிகளையும் ஒட்டுமொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அரக்குக் கரைப் புடவையைத் தேடி வந்தவர் முகப்பில் நின்றால் அவர் தேடியது கிடைக்கவில்லை என்றே பொருள். கூகுளும் இப்படித் திருப்புவதைப் பெரும்பாலும் காணாமற்போன பக்கமாகவே கணக்கிடுகிறது.

எழுதியிருக்க வேண்டியது, பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு நிகரான புதுப் பக்கத்துக்கு நிரந்தரமாக மாற்றும் 301 வரிகள். அறுபது பக்கத் தளத்துக்கு ஒரு மதிய நேர வேலை. பழைய தளத்தை இறக்கும் முன் சர்ச் கன்சோலில் இருந்து முகவரிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இறக்கிய பின் அதைத் தேடி எடுப்பது கடினம். அந்த வரிகளைக் குறைந்தது ஓராண்டாவது விட்டுவைக்கச் சொல்கிறது கூகுள். ஹோஸ்டிங்கை மாற்றும்போது அவையும் உடன் வந்தனவா என்று, ரோபோட்ஸ் கோப்போடு சேர்த்து, ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்க.